ஸ்போர்ட்ஸ் காருக்கு மெட்டல் பெடல் மாட்டப் போறீங்களா? முதலில் இந்த 3 சோதனைகள்

சில பத்து ரிங்கிட் போதும். ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தால் மூன்று அலுமினியத் தகடுகள், ஒரு சின்னப் பையில் போல்ட், நட், ஓர் ஆலன் கீ என்று எல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். அரை மணி நேர வேலை. பழைய சத்ரியாவாக இருந்தாலும் சரி, புது மைவியாக இருந்தாலும் சரி, கால் வைக்கும் இடம் ரேஸ் கார் மாதிரி பளிச்சென்று ஆகிவிடும்.

கெப்பாலா பத்தாஸில் இருந்து பட்டர்வொர்த்துக்கோ சுங்கை பட்டாணிக்கோ தினமும் கார் ஓட்டிப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் காடியில் மாற்ற நினைக்கும் பாகங்களின் பட்டியலில் இதுவும் இருக்கலாம். விலை குறைவு. பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. பார்க்கவும் அழகு.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்டிக்கர் சரியாக ஒட்டாவிட்டால் அழகுதான் கெடும். பெடல் தகடு சரியாக ஒட்டாவிட்டால் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. உங்கள் காலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகடுதான்.

மெட்டல் பெடல் மாட்டவே கூடாதா? அப்படி இல்லை. எப்படி மாட்டினால் பாதுகாப்பு, எப்போது மாட்டாமல் விடுவது நல்லது என்பதை இங்கே பார்ப்போம்.

மெட்டல் பெடல்னா என்ன?

கடைகளில் 'மெட்டல் பெடல்' என்று ஒரே பெயரில் விற்றாலும், அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, எல்லா காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தகடுகள். பழைய ரப்பரின் மேலேயே வைத்து, பின்பக்கம் கொக்கி அல்லது கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். விலை மிகவும் குறைவு. சிக்கல் அதிகம் வருவதும் இதில்தான்.

இரண்டாவது வகை, குறிப்பிட்ட ஒரு மாடலுக்கென்றே செய்யப்பட்டவை. பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்ட வேண்டும். முன்பக்கம் உலோகம் இருக்கும். ஓரத்தில் உள்ள ரப்பர் விளிம்பு, பெடலின் இரும்புத் தட்டை நாலு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது வகை, பெடலிலேயே துளை போட்டு போல்ட் மூலம் பிணைப்பது. பந்தயக் கார்களில் பார்க்கலாம். சரியாகச் செய்தால் மிக உறுதியானது. தவறாகச் செய்தால் பெடலையே பலவீனமாக்கிவிடும்.

எதுக்கு போடுறாங்க?

அழகு ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதன் வேர் பந்தயத் தளத்தில் இருக்கிறது.

மெனுவல் கியர் காரில் வளைவுக்குள் நுழையும்போது பந்தய ஓட்டுநர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வார். வலது காலின் முன்பகுதி பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். அதே காலின் ஓரமோ குதிகாலோ எக்சலேட்டரை ஒரு தட்டு தட்டும். இதனால் கியர் குறைக்கும்போது இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போகும், கார் குலுங்காது. 'ஹீல் அண்ட் டோ' என்று சொல்வது இதைத்தான். இதற்கு அகலமான, காலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும் பெடல் உதவும்.

சில ஸ்போர்ட்ஸ் கார்கள் தொழிற்சாலையிலேயே அலுமினியப் பெடலோடு வருகின்றன. ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் இரண்டும் அப்படித்தான். அடுத்த முறை அப்படி ஒரு காரைப் பார்த்தால் பிரேக் பெடலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முழுக்க வழவழப்பான உலோகமாக இருக்காது. கால் வழுக்காமல் இருக்க அதற்கென ஒரு ஏற்பாடு செய்திருப்பார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வந்தால், 1998இல் வெளிவந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இன்றும் பலரின் கனவுக் கார். புரோட்டோன் 1996இல் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம்தான் அதன் ஓட்டும் தன்மையைச் செதுக்கியது. அப்படி ஒரு மெனுவல் காரை நீங்கள் வைத்திருந்தால், நல்ல மெட்டல் பெடலுக்கு உண்மையான பயன் இருக்கிறது. ஆட்டோ கியர் காரில் 'ஹீல் அண்ட் டோ' செய்ய வேலையே இல்லை. அங்கே மெட்டல் பெடல் முழுக்க முழுக்க அலங்காரம்தான்.

பெரிய கம்பெனிக்கே இப்படி நடந்தது

"ஒரு சின்னத் தகடுதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று தோன்றலாம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

டெஸ்லா நிறுவனம் தன் சைபர்டிரக் வாகனங்களில் 3,878ஐத் திரும்ப அழைத்தது. காரணம், எக்சலேட்டர் பெடலின் மேல் இருந்த உலோகத் தகடு. பலமாக அழுத்தும்போது அது மேல்நோக்கி நழுவி, பெடலுக்கு மேலே உள்ள உட்புறப் பலகையில் சிக்கிக்கொள்ளக்கூடும். சிக்கினால் எக்சலேட்டர் அழுத்தியபடியே நிற்கும்.

ஏன் நழுவியது? தகட்டைப் பெடலில் எளிதாக ஏற்றுவதற்காக, தொழிற்சாலையில் சோப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அனுமதி பெறாமல் செய்த மாற்றம் அது. பூசிய சோப்பின் எச்சம் உள்ளே தங்கி, தகட்டின் பிடியைத் தளர்த்திவிட்டது. பிறகு ரிவெட் அடித்துத் தகட்டைப் பெடலோடு நிரந்தரமாகப் பிணைத்தார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? புது ரப்பரோ தகடோ பெடலில் ஏறவில்லை என்றால், "கொஞ்சம் சோப்புத் தண்ணி போடு, வழுக்கிக்கிட்டு ஏறிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏறும்போது வழுக்கினால், நாளைக்கு இறங்கும்போதும் வழுக்கும். அதான் விஷயம்.

இதற்கு முன்னாலும் பெடல் பகுதியில் நடந்த சின்னத் தவறுகள் பெரிய விபத்தில் முடிந்திருக்கின்றன. 2009 ஆகஸ்ட் 28ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுப்பாட்டை இழந்து, உள்ளே இருந்த 4 பேரும் உயிரிழந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் ஃப்ளோர் மேட் அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. எக்சலேட்டர் பெடல் அதில் சிக்கிக்கொண்டது. அதன்பின் டொயோட்டா ஏறக்குறைய 38 லட்சம் வாகனங்களின் உரிமையாளர்களுக்கு மேட்டை எடுத்துவிடும்படி எச்சரிக்கை விட்டது.

இந்தச் சம்பவங்களில் இன்ஜினோ பிரேக் டிஸ்க்கோ கெட்டுப்போகவில்லை. பாதத்தைச் சுற்றி இருந்த சாதாரணப் பொருள்தான் காரணம்.

சரி, எதையெல்லாம் சோதிக்கணும்?

மூன்றே கேள்விகள். மூன்றுக்கும் 'சரி' என்று பதில் வந்தால் மட்டும் காரை வெளியே எடுங்கள்.

1. பிடி: அசையுதா?

கார்களின் பிரேக்கைச் சோதிக்கும் ஐ.நா. விதி எண் 13-எச், ஓட்டுநர் பெடலில் 500 நியூட்டன் வரை விசை கொடுக்கலாம் என்று கணக்கில் கொள்கிறது. ஏறக்குறைய 50 கிலோ எடையைப் பெடலின் மேல் வைத்த மாதிரி. பயத்தில் மிதிக்கும்போது இன்னும் அதிகமாகவும் போகும். அதுவும் நேராக மட்டும் அழுத்த மாட்டோம், கால் கொஞ்சம் பக்கவாட்டிலும் தள்ளும்.

ஆக, கையால் ஆட்டிப் பார்த்து "டைட்டாதான் இருக்கு" என்று சொன்னால் போதாது. இன்ஜினை நிறுத்திவிட்டு, இருக்கையில் உட்கார்ந்து, முழு பலத்தோடு இருபது முறை மிதியுங்கள். பிறகு தகட்டின் ஓரங்களில் கால் வைத்து இடமும் வலமும் தள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அந்தத் தகடு வேண்டாம்.

2. இடைவெளி: கால் ரெண்டிலயும் படுதா?

பெரும்பாலான கார்களில் பிரேக் பெடல் எக்சலேட்டரை விடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கால் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எது பிரேக் என்று பாதத்துக்கே தெரிய வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது காலணியின் ஓரம் எக்சலேட்டரையும் சேர்த்து அழுத்திவிடக் கூடாது.

1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. அப்போது செய்த திருத்தங்களில் ஒன்று, பிரேக் பெடலின் மேல் ஒரு தகடு வைத்து அதை எக்சலேட்டரை விட உயர்த்தியது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1989இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து எக்சலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது.

இப்போது உங்கள் காருக்கு வாருங்கள். எக்சலேட்டரில் தடித்த தகடு, பிரேக்கில் மெல்லிய தகடு என்றால் அந்த உயர வித்தியாசம் குறைந்துவிடும். தகடு அகலமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சுருங்கும். மாட்டுவதற்கு முன்பே உயரத்தையும் இடைவெளியையும் ரூலரால் அளந்து எழுதி வையுங்கள். மாட்டிய பிறகு மீண்டும் அளங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் காலணிகளிலேயே அகலமானதைப் போட்டுக்கொண்டு மிதித்துப் பாருங்கள்.

3. திரும்புதல்: விட்டதும் மேலே வருதா?

பெடலை விட்டதும் அது தானாக, முழுசாக, உடனே மேலே வர வேண்டும். தகட்டின் அடிப்பகுதி ஃப்ளோர் மேட்டைத் தொடுகிறதா? பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் நுனி கார்பெட்டில் கொக்கி போடுகிறதா? தரை வரை அழுத்தி, மெதுவாக விட்டும் சட்டென்று விட்டும் பாருங்கள்.

நண்பர் ஒருவரைக் காரின் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக் விளக்கையும் பாருங்கள். பெடலை லேசாகத் தொட்டதும் எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். கனமான தகடு பெடலைக் கொஞ்சம் கீழே இழுத்தாலும் விளக்கு எரிந்தபடியே இருக்கலாம். பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்றே தெரியாது.

நம்ம ஊர்ல ஏன் கூடுதல் கவனம்?

ஐரோப்பாவில் ஷூ போட்ட காலை நினைத்துச் செய்த தகட்டை, இங்கே நாம் சிலிப்பரில் மிதிக்கிறோம்.

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கெப்பாலா பத்தாஸைச் சுற்றி வயல்வெளிகள். மழையில் ஓடிவந்து காரில் ஏறும்போது காலணியில் ஈரமும் சேறும் ஒட்டியிருக்கும். ரப்பர் மேல் ரப்பர் பட்டால் ஓரளவு பிடிக்கும். பாலிஷ் போட்ட அலுமினியத்தின் மேல் ஈரமான சிலிப்பர் பட்டால் கால் நழுவும். வாங்குவதற்கு முன் தகட்டில் ரப்பர் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் துளைகளும் பளபளப்பும் மட்டும் இருந்தால் அது மழைக்கு ஆகாது.

கால் நழுவி, மீண்டும் பெடலைத் தேடிப் பிடிக்க அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை விநாடியில் கார் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பெர்த்தாம் பக்கம் 110இல் போனால் 15 மீட்டர். கிட்டத்தட்ட நாலு மைவியை வரிசையாக நிறுத்தின தூரம், பிரேக்கே இல்லாமல்.

முன்னால் போவது ஒரு கப்சாய் மோட்டார் என்றால்? மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்த 8 மீட்டரின் விலை உங்கள் பம்பர் மட்டும் இல்லை.

மாட்டும் முறை: படிப்படியாக

உங்கள் மாடலுக்கென்றே செய்த, பழைய ரப்பருக்குப் பதிலாக மாட்டும் வகையையே தேர்ந்தெடுங்கள். ரப்பரின் மேல் மாட்டும் கிளாம்ப் வகையைத் தவிர்ப்பது நல்லது. அடியில் உள்ள ரப்பர் அமுங்கி விரிய விரிய, கிளாம்ப்பின் பிடி தளர்ந்துகொண்டே வரும்.

வேலை செய்யும் முன் சமதளத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஃப்ளோர் மேட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு டார்ச் அடித்துப் பெடலின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

பழைய ரப்பரை ஒரு மூலையில் இருந்து உரித்து எடுங்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள், மீண்டும் தேவைப்படலாம். அடியில் உள்ள இரும்புத் தட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய், சோப்பு, டயர் பாலிஷ் எதுவும் படக் கூடாது.

புதுசு ஏறக் கஷ்டமாக இருந்தால் அதைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுங்கள். ரப்பர் இளகும். ஈரத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் முழுசாகக் கவ்வியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

போல்ட் வகை என்றால், அதிர்வில் கழலாத நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் பயன்படுத்துங்கள். பையில் வரும் சாதாரண நட்டை நம்ப வேண்டாம். பின்னால் நீளும் போல்ட்டை வெட்டி, நுனியை ராவி விடுங்கள்.

எக்சலேட்டரில் ட்ரில் போடவே போடாதீர்கள். பழைய சத்ரியா போன்ற கார்களில் பெடலில் இருந்து ஒரு கேபிள் இன்ஜினுக்குப் போகும். இன்றைய கார்களில் கேபிள் கிடையாது. பெடலே ஒரு மின்னணுக் கருவி. எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அதன் உள்ளே இருக்கும் சென்சார்கள் கணினிக்குச் சொல்கின்றன. பல கார்களில் அதன் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. துளை போட்டால் விரிசல் விடும்.

கடைசியில் ஃப்ளோர் மேட்டைத் திரும்பப் போட்டு, கொக்கியில் மாட்டி, மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். மேட் போட்ட பிறகு சோதிப்பதுதான் முக்கியம். பிறகு ஆள் இல்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் ஓட்டி, பல முறை பிரேக் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அதன்பின் ஒவ்வொரு சர்வீஸின்போதும் போல்ட்டையும் ரப்பரையும் பாருங்கள்.

ஜேபிஜே, காப்புறுதி: என்ன நிலைமை?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், இன்ஜின் மாற்றுவது, காரின் நிறம் மாற்றுவது போன்றவற்றுக்கு ஜேபிஜேயின் அனுமதி தேவை. பெடல் ரப்பருக்குப் பதில் தகடு போடுவது அந்த அளவு பெரிய மாற்றம் கிடையாது. ஆனால் பெடலின் கையை வெட்டுவது, வெல்டிங் வைப்பது, முழு பெடல் அமைப்பையே மாற்றுவது என்றால் அது பிரேக் அமைப்பிலேயே கைவைப்பது. ஜேபிஜே அலுவலகத்தில் கேட்காமல் இறங்காதீர்கள்.

கார் வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் மையத்திடமும், காப்புறுதி புதுப்பிக்கும்போது நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வதை விட இது சுலபம்.

ஓடும்போது எக்சலேட்டர் சிக்கிட்டா?

எந்தக் காரிலும், மெட்டல் பெடல் இல்லாவிட்டாலும், இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிரேக்கை ஒரே அழுத்தாகப் பலமாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். எக்சலேட்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது அப்படிச் செய்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

உடனே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். மெனுவல் என்றால் கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் உறுமும், பரவாயில்லை. சக்கரத்துக்குச் சக்தி போகாது. ஓரத்தில் நிறுத்திய பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும்போது சாவியைப் பிடுங்கினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். புஷ் ஸ்டார்ட் கார்களில் அவசரத்தில் இன்ஜினை எப்படி அணைப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் காரின் கையேட்டில் இன்றைக்கே பாருங்கள். ஓடும்போது குனிந்து, சிக்கிய பெடலைக் கையால் இழுக்க மட்டும் முயலாதீர்கள்.

அப்போ மாட்டலாமா, வேண்டாமா?

மெனுவல் ஸ்போர்ட்ஸ் கார், உங்கள் மாடலுக்கான தகடு, ரப்பர் குமிழ்கள், மூன்று சோதனைகளிலும் தேர்ச்சி என்றால் தாராளமாக மாட்டுங்கள்.

ஆட்டோ காரில் அழகுக்கு மட்டும்தான் என்றால், இடது கால் வைக்கும் அசையாத மேடைக்கு ஒரு தகடு போட்டுக்கொள்ளுங்கள், பிரேக்கையும் எக்சலேட்டரையும் விட்டுவிடுங்கள். உள்ளே எட்டிப் பார்க்கும் நண்பர்கள் கண்ணுக்கு அதுவே பளிச்சென்று தெரியும்.

ஏற்கனவே மாட்டிவிட்டீர்களா? இன்று இரவு காரை எடுப்பதற்கு முன் குனிந்து, அந்தத் தகட்டைப் பிடித்து ஒரு தடவை பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் கழற்றிவிட்டு பழைய ரப்பரையே மாட்டுங்கள்.